ரெடிமேட் விமானமா, கட்டும் கிட்டா? கொடைக்கானலில் நான் பறக்கவிட்டுத் தெரிந்துகொண்டது

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் சின்னதாக ஒரு செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சார்ஜர்கள் தொங்கும் கம்பிக்கு மேலே இரண்டு ரிமோட் விமானங்கள் மாட்டியிருக்கும். ஒன்று வெள்ளை நுரையில் ரெடிமேடாக வந்தது. இன்னொன்று பால்சா என்ற லேசான மரத்தில் நானே கட்டியது. மஞ்சள் இறக்கை, சிவப்பு வால். டெம்பர் கிளாஸ் ஒட்ட வரும் பையன்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது நெஜமாவே பறக்குமா?" என்பார்கள். பறக்கும் வீடியோவைக் காட்டியதும் அடுத்த கேள்வி வந்துவிடும். "நானும் ஒண்ணு வாங்கணும்ணே. ரெடிமேட் வாங்குறதா, கிட் வாங்கிக் கட்டுறதா?" கடையில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் முதலில் கட்டினேன், அப்புறம்தான் ரெடிமேட் வாங்கினேன். அந்த வரிசை தப்பு.

பிரிப்பதும் சேர்ப்பதும் என் தொழில். சால்டரிங் கை பழகியது. அந்த நம்பிக்கையில் 1.2 மீட்டர் இறக்கை உள்ள ஒரு பால்சா கிட் வரவழைத்தேன். லேசரில் வெட்டிய மரத் துண்டுகள், ஒரு பெரிய வரைபடம், நாலு கம்பி, அவ்வளவுதான் பெட்டிக்குள். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி., இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சர்வோ, பேட்டரி, கையில் பிடித்து ஓட்டும் ரேடியோ எல்லாம் தனித்தனியாக வாங்கினேன். கடை மூடிய பிறகு இரவு பத்து மணி வரை வேலை. மூன்று மாதம் பிடித்தது.

பூம்பாறையில் என் மாமனாருக்குப் பூண்டுத் தோட்டம் இருக்கிறது. சரிவில் படிப்படியாக வெட்டிய தட்டுகள். பூண்டு எடுத்த பிறகு மேல் தட்டு காலியாகக் கிடக்கும். நாற்பது மீட்டர் நீளம் இருக்கும், அகலம் அதில் பாதிகூட இல்லை. அங்கே ஒரு காலையில் மச்சான் கையால் வீச, விமானம் ஏறியது. நேராகப் போய், லேசாகச் சாய்ந்து, என்னைப் பார்த்துத் திரும்பியது. வலது பக்கம் போகட்டும் என்று ஸ்டிக்கை வலதுக்குத் தள்ளினேன். அது என் இடது பக்கம் போனது. பதறிப் போய் இன்னும் தள்ளினேன். கல் கட்டிய தட்டுச் சுவரில் போய் மோதியது. மச்சான் எடுத்த வீடியோவில் மொத்தப் பறப்பு 11 வினாடி. வலது இறக்கையில் நாலு விலா போயிற்று, நடுச் சட்டம் இரண்டாக ஒடிந்தது.

கிட்டில் குறையே இல்லை, கட்டியதிலும் இல்லை. விமானம் நம்மை விட்டு விலகும்போது வலது என்றால் வலதுதான். நம்மை நோக்கி வரும்போது அதே வலது நம் கண்ணுக்கு இடது. இது புத்தியில் இருந்தால் போதாது, கட்டை விரலில் இருக்க வேண்டும். பிறகு தெரிந்துகொண்ட ஒரு வழி சொல்கிறேன், நிறையப் பேருக்கு உதவியிருக்கிறது: விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். முட்டுக் கொடுப்பது மாதிரி. இறக்கை மட்டமாகிவிடும்.

ஒடிந்த இறக்கை கடை மேசையில் கிடந்தபோதுதான் சார் வந்தார். மதுரையில் டிராயிங் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று இங்கே தங்கியிருப்பவர். போனில் ஸ்பீக்கர் கேட்கவில்லை என்று வந்தவர், இறக்கையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கிற காலத்தில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவராம். அப்போது ரிமோட் இல்லை, இரண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று விமானத்தை வட்டமாகச் சுற்றவிடுவார்களாம்.

"தம்பி, சுத்தமாக் கட்டியிருக்கீங்க. ஓட்டப் பழகினீங்களா?"

"இல்ல சார். இதுலயே பழகிரலாம்னு நெனச்சேன்."

"மூணு மாசம் ஒழைச்சுக் கட்டினதை வெச்சுப் பழக முடியாது. கை நடுங்கும். ஒரு நுரை விமானம் வாங்குங்க, அதை ஒடைங்க, ஒட்டுங்க, மறுபடியும் ஒடைங்க. இது மேல தொங்கட்டும்."

அவர் சொன்னபடியே செய்தேன். இன்று என்னைக் கேட்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

ரெடிமேடிலும் இரண்டு வகை உண்டு. ஆர்.டி.எஃப் என்றால் ரேடியோ, பேட்டரி எல்லாம் பெட்டியிலேயே இருக்கும். இறக்கையை மாட்டி, பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அன்றைக்கே பறக்கலாம். ஏ.ஆர்.எஃப் என்றால் உடம்பும் இறக்கையும் தயாராக வரும், மோட்டாரும் சர்வோவும் நாம் பொருத்த வேண்டும். இரண்டு மூன்று மாலை வேலை. இந்தியாவில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ பிரித்த தொகுப்பாகவோ இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசு தடை போட்டது. தனி உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. ரிமோட் விமானமும் அந்தத் தடைக்குள் வரலாம் என்பதால், முழு விமானத்தை வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கும் யோசனையை விட்டுவிட்டு, மதுரையில் படிப்பு முடித்து வேலைக்குப் போகும் ஒரு தம்பியிடம் பழையது வாங்கினேன். 1.1 மீட்டர் இறக்கை, ஈ.பி.ஓ. என்ற நுரை, உள்ளே விமானத்தை மட்டமாக வைத்திருக்கும் கைரோ.

நாலு மாதத்தில் அதை எத்தனை தடவை தரையில் குத்தினேன் என்று கணக்கு வைக்கவில்லை. நுரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மூக்கு நசுங்கினால், கொதிக்கிற தண்ணீரை மெல்ல மேலே ஊற்றினால் போதும், நுரை உப்பி ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பால்சாவில் அப்படி எதுவும் நடக்காது. ஒடிந்தது ஒடிந்ததுதான், வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைக்க வேண்டும். ஒரே காலையில் மூன்று தடவை விழுந்து மூன்று தடவையும் எழுந்து பறக்க வைத்தது அந்த நுரைதான். கைரோ முதல் பத்துப் பதினைந்து பறப்புக்குப் பெரிய துணை. ஆனால் அதைப் போட்டே வைத்திருந்தால் நம் தப்பை அது திருத்திக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. உயரத்தில் இருக்கும்போது அணைத்துப் பழகி, இறக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

பறக்கப் பழகிவிட்டேன். ஆனால் இறக்க முடியவில்லை.

தோட்டத்தின் ஆரம்பத்தில் தரை தொட்டால் அந்தக் கோடிக்குப் போய்த்தான் நிற்கும். பல நாள் நிற்காமல் கீழ்த் தட்டு உருளைக்கிழங்குச் செடிக்குள் போய் விழும். வேகத்தைக் குறைத்தால் திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து கவிழும். மதுரையில் அந்தத் தம்பி இதே விமானத்தைக் கல்லூரி மைதானத்தில் பூப்போல இறக்கும் வீடியோவை அனுப்பியிருந்தான். என் கைதான் சரியில்லை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சார்தான் கேட்டார். "வீட்ல பருப்பு எப்படி வேக வைக்கிறீங்க?"

"குக்கர்லதான் சார். குக்கர் இல்லாம இங்க எங்க வேகும்?"

"அதே காத்துதான் இதுக்கும்."

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கை விமானத்தைத் தாங்குவது காற்றைக் கொண்டுதான். காற்று லேசானால் அதே எடையைத் தாங்க இன்னும் வேகமாகப் போக வேண்டும். நம் உயரத்துக்கு 10 சதவீதம் போல வேகம் கூடும். தரையில் உருண்டு நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால் அது 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். மதுரையில் 35 மீட்டரில் நிற்பது பூம்பாறையில் 42 மீட்டர் கேட்கும். என் தோட்டமே 40 மீட்டர்தான்.

அன்று இரவு இரண்டு விமானத்தையும் தராசில் வைத்தேன். நுரை விமானம் பேட்டரியோடு 1,050 கிராம், இறக்கைப் பரப்பு 21 சதுர டெசிமீட்டர் (பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கட்டம் 21). அதாவது ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 50 கிராம் தூக்குகிறது. ஒடிந்து தொங்கும் கிட் விமானத்துக்குப் பரப்பு 26. நல்ல இறக்கை போட்டுக் கட்டினால் எடை 740 கிராமில் நிற்கும் என்று கணக்கு வந்தது. சதுர டெசிமீட்டருக்கு 28 கிராம். கணக்குப்படி நுரை விமானம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கீழே வந்தால் கவிழும், கிட் விமானம் 23ஐ ஒட்டி வரும்வரை தாங்கும். எனக்குத் தேவையான விமானம் ஆறு மாதமாகத் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ரெடிமேடுக்கும் கிட்டுக்கும் வித்தியாசம் என்று விலையைச் சொல்வார்கள், நேரத்தைச் சொல்வார்கள். மலையில் எனக்குப் பட்ட பெரிய வித்தியாசம் எடை. ரெடிமேடின் எடை பெட்டியை மூடும்போதே முடிவாகிவிட்டது. நாம் ஒரு சின்ன பேட்டரி போடலாம், சக்கரத்தைக் கழற்றலாம், அதற்கு மேல் கை வைக்க இடமில்லை. கிட்டில் ஒவ்வொரு கிராமும் நம் கையில். பசை எத்தனை சொட்டு, பெயின்ட் வேண்டுமா, எந்த மோட்டார், எந்தக் கம்பி, எல்லாவற்றையும் நாம் முடிவு செய்கிறோம். பெரிய, சமமான மைதானம் கிடைக்கிற ஊரில் இருப்பவர்களுக்கு இது இவ்வளவு முக்கியமில்லை. நமக்குத் தட்டுத் தோட்டம்தான் மைதானம்.

மறுபடி இறக்கை கட்டியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் தடவை அவசரத்தில் விட்டதெல்லாம் இதில்தான் பிடிபட்டது.

மேசை மட்டமாக இருக்க வேண்டும். என் மர மேசை நடுவில் குழிந்திருந்தது, அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சமையலறை மேடைக்கு வாங்கி மிஞ்சிய கடப்பாக் கல் ஒன்று வீட்டில் கிடந்தது. அதைப் போட்டு, மேலே குண்டூசி இறங்க ஒரு தெர்மாகோல் தட்டு, அதன் மேல் வரைபடம், அதற்கும் மேல் பசை ஒட்டாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாள். விலாக்களை நிறுத்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பல்குச்சி நுனியில் ஃபெவிகால் தொட்டு வைத்தேன். ஒரு மூட்டுக்கு ஒரு சொட்டு. வழிந்தால் விரலால் துடைத்தேன். வழியும் பசை பலம் தராது, எடைதான் தரும். ஒரே நொடியில் ஒட்டும் சயனோ பசையைத் தெர்மாகோலுக்கு மேல் வைத்து வேலை செய்யும்போது கவனம் வேண்டும், அது தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

இறக்கைச் சட்டம் முடிந்த வாரம் நாலு நாள் விடாத மூடுபனி. கடைக்குள்ளேயே பனி நுழைந்து நின்றது. ஐந்தாம் நாள் பின்னாலிருந்து பார்த்தால் இடது இறக்கையின் நுனி முறுக்கிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். பால்சா ஈரத்தைக் குடித்துவிட்டது. அப்படியே பறக்கவிட்டால் விமானம் சும்மா போகும்போதே ஒரு பக்கம் சாயும். சார் சொன்னபடி சட்டத்தைக் கல்லோடு சேர்த்துக் கட்டி, அடுப்பு மூட்டும் அறையில் இரண்டு நாள் காயவிட்டேன். காய்ந்ததும் உடனே மேலுறைத் தாளை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினேன். மனைவி பிடித்துக்கொண்டாள், நான் தேய்த்தேன். தாள் சூட்டில் சுருங்கி, மத்தளத் தோல் மாதிரி இறுகியது. விரலால் தட்டினால் சத்தம் வந்தது. அப்படியும் நுனியில் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருந்தது. இறக்கையை எதிர்ப்பக்கம் லேசாக முறுக்கிப் பிடித்து, அந்த நிலையிலேயே தாளை மறுபடி சூடாக்கினால் சரியாகிவிடும். தாளால் மூடியபின் ஈரம் அவ்வளவு வேகமாக உள்ளே போவதில்லை. மலையில் கிட் கட்டுகிறவர்கள் சட்டத்தை மழை மாதத்தில் திறந்து போடாதீர்கள். தை, மாசியில் ஆரம்பித்தால் நல்லது.

எடைக்காக 2,200 எம்.ஏ.எச். பேட்டரியை விட்டு 1,300க்கு வந்தேன். அதிலேயே அறுபது கிராமுக்கு மேல் மிச்சம். பறக்கும் நேரம் ஏழெட்டு நிமிடமாகக் குறைந்தது, எனக்கு அது போதும். 9 அங்குல ப்ரொப்பெல்லர் இங்கே காற்றைச் சரியாகப் பிடிக்கவில்லை. காற்று லேசானதால் மோட்டாருக்குச் சுமையும் குறைவு. அதனால் 9க்கு 6 (விட்டம் 9 அங்குலம், ஒரு சுற்றுக்கு முன்னேறும் அளவு 6) என்பதை எடுத்துவிட்டு 10க்கு 5 போட்டேன். வாட் மீட்டர் வைத்துப் பார்த்தால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் சமவெளியில் 9க்கு 6 காட்டுகிற அளவிலேயே இருந்தது, இழுவை நன்றாகக் கூடியது. மீட்டர் இல்லாமல் பெரிய ப்ரொப்பெல்லர் போடாதீர்கள், மோட்டார் எரியும்.

முன்னெடை, பின்னெடை விஷயத்தில் ரெடிமேட், கிட் என்ற பேதமே இல்லை. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், இரண்டு விரலில் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். பின்னால் கனத்தால் அடக்கவே முடியாது. ஒவ்வொரு தடவையும் வீசும் முன் ஸ்டிக்கை வலது தள்ளி, வலது இறக்கையின் மடிப்பு மேலே எழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். சர்வோ ஒயர்களைக் கழற்றி இடம் மாற்றி மாட்டிவிட்டால் அசைவு தப்பாகிவிடும். ரேடியோ தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி ஃபெயில்சேஃப் வையுங்கள்.

மார்கழிக் குளிரில் இந்த விமானங்களின் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி சோர்ந்துவிடும். நான் ஸ்வெட்டருக்கு உள்ளே சட்டைப் பையில் வைத்திருந்து, வீசும் முன்தான் மாட்டுவேன். பறக்காத நாளில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும், முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் போட்டால் உப்பும். உப்பின செல்போன் பேட்டரிகளைத் தினமும் பார்க்கிறவன் நான், இதில் விளையாட்டு வேண்டாம். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ட்ரோன் விதிகள்படி, பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் மாடல் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் இருக்க வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா (தனி அனுமதி தேவையில்லாத பகுதியா) என்று பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையிலும் 120 மீட்டர்தான் உச்சம். நம் ஊரைச் சுற்றியுள்ள காட்டில் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், அதன் மேல் பறக்கவிடக் கூடாது. கோக்கர்ஸ் வாக், ஏரிக்கரை மாதிரி கூட்டம் உள்ள இடங்களும் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை என் நுரை விமானம் காற்றில் தள்ளிப்போய்த் தோட்டத்து ஓரம் விழுந்தது. எடுக்கப் போனால் பக்கத்திலேயே ஒரு காட்டுமாடு மேய்ந்துகொண்டிருக்கிறது. "மாப்பிள்ளை, அது தானாப் போகும், வந்து உக்காருங்க" என்று மாமா கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்துதான் எடுத்தோம். அதற்குப் பிறகு இரண்டு விமானத்திலும் பீப் சத்தம் போடும் சின்ன பஸ்ஸர் வைத்திருக்கிறேன். தைல மரத்துக்குள் போனாலும் தேடிவிடலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முதலில் நுரையில் ஒரு ரெடிமேட், புதிதோ பழையதோ. இறக்கை மேலே இருக்கும் மாடலாகப் பாருங்கள். இறக்கையும் வாலும் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கிடைக்காது என்றால் வேண்டாம். பணம் பத்தவில்லை என்றால் ஃபோம் போர்டு வாங்கி நீங்களே வெட்டலாம், அதுவும் ஒடைத்துப் பழக ஏற்றதுதான். ரேடியோவை மட்டும் கொஞ்சம் நல்லதாக, தனியாக வாங்குங்கள். அடுத்த விமானத்துக்கும் அதுவே வரும். பதற்றமில்லாமல் இறக்க வந்த பிறகு ஒரு பால்சா கிட். அதுவரை கிட் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் நஷ்டமில்லை.

மஞ்சள் இறக்கை விமானம் இரண்டாம் தடவை பறந்த காலையில் மாமாவும் வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். விமானம் எழுந்து ஆறு நிமிடம் சுற்றியது. இறக்கலாம் என்று நான் நினைப்பதற்குள் அவர் சொன்னார், "மாப்பிள்ளை, காத்து திரும்புது, இந்தப் பக்கமா எறக்குங்க." பூண்டுத் தாள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே பழகியவர். நான் சுற்றிக் கொண்டுவந்து மோட்டாரை நிறுத்தினேன். விமானம் மிதந்துகொண்டே வந்து, தோட்டத்துப் பாதியில் சக்கரம் தொட்டு, இன்னும் பத்து மீட்டர் உருண்டு நின்றது. எழுந்து போய் அவரே அதை எடுத்து வந்தார். "கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு" என்றார், எடையைச் சொன்னார்.

இப்போது என் மகள் கட்டுகிறாள். எட்டாம் வகுப்பு. நுரை விமானத்தில் ஒரு வருடம் ஓட்டிவிட்டுத்தான் கிட் பெட்டியைத் திறந்தாள். கடப்பாக் கல் அவள் பக்கம் போய்விட்டது. நேற்று இரவு இடது இறக்கைச் சட்டத்தைத் தராசில் வைத்து, 58 கிராம் என்று வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள். வலது இறக்கைக்கு அதே கனத்தில் பால்சா பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.